நிவேதா விழுந்த பக்கம்

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். +1 பி, நியூட்டன் முதல் விதி. நிவேதா இடம் காலி. வெள்ளி மாலை பள்ளி வேனிலிருந்து விழுந்து கை முறிவு. ஓடும் வண்டியிலிருந்து குதித்தாளாம். டிரைவர் முனுசாமி சொன்னது. முன் சீட்டில் இருந்த கணக்கு டீச்சர் ஸ்டெல்லாவும் அதையே சொன்னாள், வார்த்தை மாறாமல். எப்படி மாறாமல்?

கரஸ்பாண்டன்ட் ஸ்டாஃப் ரூமுக்கே வந்தார். "ஒழுங்கீனம். டி.சி. குடுத்து அனுப்பிடலாம்."

நிவேதாவா? மாடிப்படியில்கூடக் கைப்பிடியை விடாதவள்.

சிவப்பு பேனா, குழம்புக்குப் புளி வாங்க வேண்டும்.

செவ்வாய்

பள்ளி விட்டதும் நிவேதா வீடு. முன்னறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது, நான் போனதும் நின்றது. இடது கையில் மாவுக்கட்டு. பின்மண்டையில் வீக்கம்.

"குதிச்சியாம்மா?"

அப்பாவைப் பார்த்தாள். "ஆமா மிஸ்."

அப்பா: "நாங்களே ஒத்துக்கினோம் மிஸ். மன்னிப்பு கேட்டா டி.சி. குடுக்காம வுட்ருவாங்கன்னு டிரைவர் சொன்னாரு."

அம்மா வாசல்வரை வந்தார். குரலைத் தாழ்த்தி, "பின்சக்கரத்துக்கிட்ட தல இருந்துச்சாம் மிஸ். டீக்கடைக்காரர் கத்தலன்னா..." முடிக்கவில்லை.

வழியெல்லாம் அதே நினைப்பு. ஓடும் வண்டியிலிருந்து குதித்தால் பாதம் தரையில் நின்றுவிடும், உடம்பு மட்டும் வண்டி போகும் பக்கமே போகும். முன்பக்கம்தான் விழ வேண்டும். இவள் விழுந்தது பின்சக்கரத்தருகே. அப்படியென்றால் வண்டி நின்றிருக்கிறது. ஒரு கால் தரையில், ஒரு கால் படியில் இருக்கும்போதே கிளம்பியிருக்கிறது. படியிலிருந்த காலை வண்டி முன்னே இழுக்க, உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது.

கிளம்பச் சொன்னது யார்?

புதன்

நிலைமம். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குபவர் உதாரணம். எல்லா வருடமும் சொல்வதுதான். முன்னோக்கி விழுவார் என்றேன். வேனில் வரும் ஷாஹின் எழுந்தாள்.

"அப்ப நிவேதா ஏன் மிஸ் பின்னால வுழுந்தா?"

எழுதிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள்.

"நீ பாத்தியா?"

உட்கார்ந்துவிட்டாள்.

மதியத்துக்குள் கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டார். "சிலபஸ் மட்டும் நடத்துங்க மேடம்."

யார் போய்ச் சொன்னது? அடுத்த பீரியட் ஸ்டெல்லாவுடையது. கதவுக்கு வெளியே நின்றிருக்கலாம். இன்று என்னோடு சாப்பிடவும் வரவில்லை.

வியாழன்

தூறல். சைக்கிள் ஸ்டாண்டில் ஸ்டெல்லா. கண்ணெல்லாம் சிவப்பு.

"நான்தான் 'ரைட்' சொன்னேன். செய்யாறு பஸ்ஸப் புடிக்கணுமேன்னு ஜல்தில... எல்லாம் எறங்கிட்டாங்கன்னு நெனச்சிக்கினேன். கரஸ்பாண்டன்ட்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். அவளே குதிச்சான்னு சொல்லுங்கன்னு அவருதான்..."

"நாளைக்கு நிவேதா அப்பாவக் கூப்பிட்டிருக்கிற மீட்டிங்ல சொல்லுவியா?"

"சொல்றேன்."

நம்பிக்கை இல்லை. என்னைச் சும்மா இருக்கவைக்க இதுவும் ஒரு வழியோ?

வெள்ளி

மீட்டிங். நிவேதாவின் அப்பா கைகட்டி நின்றார். எதிரில் நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. யாரும் உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்பு கேட்டும் டி.சி. பேச்சு தொடங்கியது. ஸ்டெல்லா தலையே தூக்கவில்லை. சொல்ல மாட்டாள், தெரிந்ததுதான். எழுந்தேன்.

"குதிச்சிருந்தா முன்னால விழுந்திருப்பா சார். அவ பின்னால..."

"இது பிசிக்ஸ் கிளாஸ் இல்ல மேடம்."

உட்காரவில்லை. பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம்.

"ரைட் குடுத்தது நான் சார்." ஸ்டெல்லா.

நிவேதாவின் அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

டி.சி. இல்லை. ஸ்டெல்லா திங்கள் முதல் வர வேண்டாம். அவ்வளவுதான், கரஸ்பாண்டன்ட் எழுந்து போய்விட்டார். விட்டுக்கொடுக்கிற ஆளில்லையே அவர். இவ்வளவு சீக்கிரம் ஏன் முடித்தார்?

நேரே வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். சுற்றி வந்தேன். இறங்குபவர்களை டிரைவருக்குக் காட்டும் இடப்பக்கக் கண்ணாடி இல்லை. அதைத் தாங்கும் கம்பி முழுக்கத் துரு.

"இன்னா மேடம் பாக்கறீங்க?" முனுசாமி.

"இது எப்பலேர்ந்து இல்ல?"

மாடியைப் பார்த்தார். "போன வருசத்துலேர்ந்து கேட்டுகினுதான் கீறேன் மேடம்."

மாடியில் கரஸ்பாண்டன்ட், எங்களையே பார்த்தபடி. போனை எடுத்தேன். அவருக்குத் தெரியும்படியே கையைத் தூக்கிப் படம் எடுத்தேன்.