நான் கேட்காத அத்தியாயம்

அன்பு மகள் கீச்சுவுக்கு,

அப்பா வாய் சொல்ல, கீழ்த்தளத்து மருந்துக் கடையம்மா கை எழுதுகிற கடிதம். நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் சுகமில்லை. அம்மா இன்னும் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள், குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரமாம், விடமாட்டேன் என்கிறார்கள். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால், நீ எதைக் கேட்டாலும் நல்லா இருக்கும்மா என்றுதான் என் வாயில் வரும், அதனால்தான். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து இப்போதே உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன் என்கிறாள் கடையம்மா.

உன் புத்தகத்தைப் போட்டு அனுப்பினாயே அந்த மின்புத்தகக் கருவி, அது போன வாரம் எட்டாவது அத்தியாயத்தின் நடுவில் ஹேங் ஆகிவிட்டது. படித்துக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் நின்றது. திரையில் எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது, எழுத்து நின்று எனக்கு என்ன லாபம். தொட்டேன், துடைத்தேன், சார்ஜில் போட்டேன், கல்லு மாதிரிக் கிடந்தது. நின்றுபோனால் பட்டனை அமுக்கிப் பிடிக்கணும் என்று நீ முதலிலேயே சொல்லியிருந்தாய், நானும் அமுக்கினேன். ஆனால் என் விரலை உனக்குத் தெரியுமே, ஆயுசு முழுக்க லிஃப்ட் ஓட்டுகிற வேலையில் நின்று, பட்டனைத் தொட்டதும் எடுத்துப் பழகின விரல். அமுக்கிக்கொண்டே நிற்பவர்களை, என்ன சார் அது, மாட்டு மடியா என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அந்த விரலால் தொட்டுத் தொட்டு எடுத்தால் இது அசையுமா. யாரிடமும் கேட்கவும் கூச்சம். மகள் புத்தகம் எழுதுகிறாள் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டவன், அதைக் கெடுத்து வைத்திருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது. அந்த நேரம் பார்த்து உன் போன். அப்பா, ஒன்பதாவது கேட்டீங்களா, முழுக்க உங்களைப் பத்திதான், உங்களுக்குச் சம்மதம்னாதான் அச்சுக்குக் கொடுப்பேன் என்றாய். நான் கேட்கவே இல்லை கீச்சு. பிரமாதம்மா, கண்ணு கலங்கிடுச்சு, தாராளமா கொடு என்று வாய் கூசாமல் சொன்னேன். நீ அந்தப் பக்கம் அழுதாய். என் பொய்க்குப் போய் நீ அழுதாயே.

கடைசியில் கருவியை மருந்துப் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு இந்தக் கடையம்மாவிடம் வந்தேன். ஏன் பெரியவரே, அமுக்கினா அதுக்கு வலிக்கும்னு பாக்குறீங்களா என்று கேட்டு, என் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். விடு விடு என்று என் கை பதறுகிறது, அவள் விடவில்லை. திரை இருண்டது, வெளுத்தது, அப்புறம் உயிர் வந்தது. படிக்கிற குரலையும் திரும்ப எழுப்பிக் கொடுத்தாள். குரல் ஓடும்போது ஒரு தடவை தொட்டால் தொட்டதன் பேரை மட்டும்தான் சொல்லுமாம், சட்டென்று இரண்டு தடவை தட்டினால்தான் திறக்குமாம், இது தெரியாமல் நல்லா இருந்த நாளிலும் அதைக் கெட்டுப்போனதாகத் திட்டியிருக்கிறேன். எல்லாத்தையும் அழித்துப் புதுசாக வாங்கின மாதிரி ஆக்கிவிடுகிற ஒன்று உள்ளே இருக்கிறதாம், அதோட பேர் காதுல விழுந்தா மட்டும் உடனே வெளியே வந்துடுங்க, தட்டினா உங்க மகள் புத்தகமே போயிடும் என்று மிரட்டி வைத்திருக்கிறாள். பூட்டு எண் போட்டுக் கொடுத்து, காதில் மாட்டிக் கேளுங்க, அச்சாகிறதுக்கு முன்னாலேயே தெருவுக்கெல்லாம் படிச்சுக் காட்டாதீங்க என்றாள். இதை எழுதும்போதும் சிரிக்கிறாள்.

அப்புறம் வீட்டுக்குப் போய் ஒன்பதாவதைக் கேட்டேன். லிஃப்டுக்குள் ஒரு முக்காலி, அதில் அப்பா, அவர் மடியில் செய்தித்தாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளுக்கு எழுத்துமேல் விரல் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். நல்ல அப்பா, எனக்கே அவரைப் பிடித்துப்போனது. அவர் யார் கீச்சு? முக்காலியில் உட்கார்ந்திருந்தது நீ, எழுத்தைப் படித்து எனக்குச் சொன்னதும் நீ. வார் அறுந்த உன் பச்சைப் பள்ளிக்கூடப் பை, அதில் ஊக்கு குத்தியிருக்கும். மூன்றாம் மாடியில் பல் டாக்டர் காலிபண்ணி வக்கீல் வந்தார், புதுப் பலகை மாட்டினார்கள், நீதான் இறங்கி ஓடிப்போய்ப் படித்துவிட்டு வந்து என் காதில் சொன்னாய். மறுநாள் ஒருவர் வக்கீலைக் கேட்டதும், பலகையைப் படித்தவன் மாதிரி, மூணாவது சார், வலது கைப்பக்கம் என்றேன். நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். எந்த மாடியில் யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன், எல்லாம் உன் குரலில்தான் எனக்குள் இருக்கிறது.

உன்மேல் கோபம் இல்லை. படித்தவர்கள் கைக்குப் போகிற புத்தகத்தில் இந்தத் தற்குறியை எங்கே நிறுத்துவது என்று திண்டாடியிருப்பாய், அதை நினைத்தால்தான் கூனிக் குறுகிப்போகிறேன். மகளும் ஒரு பொய் எழுதினாள், நானும் ஒரு பொய் சொன்னேன், கணக்குச் சரியாப்போச்சு, இப்படியே விட்டுடலாமா என்று கடையம்மாவிடம் கேட்டேன். பேனாவை மூடிவைத்துவிட்டு, அப்புறம் நான் எதுக்கு எழுதணும், எழுந்து போங்க என்றாள். பேனாவை மறுபடி திறக்கச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அச்சை நிறுத்து. அவர் மடியிலிருந்து செய்தித்தாளை எடு, முக்காலியில் நீ ஏறி உட்கார். அப்படி எழுத உனக்குக் கூச்சமாக இருந்தால் அப்பனையே எடுத்துவிடு, வெறும் லிஃப்டு ஏறி இறங்கட்டும், வருத்தப்படமாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் வெளியே காட்டமாட்டேன்.

நீ எழுதுகிற கை நோகாமல் இருக்கட்டும், பேரன் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், மாப்பிள்ளை வேலையில் நல்ல பேர் எடுக்கட்டும். என்ன முடிவு செய்தாலும் ஒன்பதாவதைத் திரும்ப இந்தக் கருவிக்கு அனுப்பு. நான் கடைசி வரி வரைக்கும் கேட்டுவிட்டு நானே கூப்பிடுகிறேன். அதுவரைக்கும் நீ போன் பண்ணாதே, பண்ணினால் அவசரத்தில் மறுபடியும் பிரமாதம் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
படிக்கத் தெரியாத உன் அப்பா