உரிமையாளர் என்ற கட்டம்

ஐப்பசி, வியாழன். மழை விடவில்லை.

மாலையில் திருவையாற்றிலிருந்து செல்வி அழைத்தாள். வயல் நண்டுகளைப் பற்றி எங்கள் இணைய ஆய்விதழில் எழுதிய விவசாயி. "அக்கா, என் கட்டுரைய நானே படிக்க முடியலைங்க. பணம் கட்டச் சொல்லுது."

இதழின் மூத்த ஆசிரியர் வைத்திலிங்கம் சாரிடம் கேட்டேன். "இதழை ஒரு கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேம்மா. எனக்கும் இனி நடத்த முடியல. இதழ் என் பேர்லதானே இருக்கு?"

அவர் பெயரில்தான் இருக்கிறது. பதிவு விண்ணப்பத்தை நிரப்பியவள் நான். ஐந்து பேர் சேர்ந்து நடத்திய இதழ். உரிமையாளர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று நாங்கள் பேசவே இல்லை. வயதில் பெரியவர், மரியாதையாக இருக்கட்டும் என்று அவர் பெயரை எழுதினேன். "எதுக்கும்மா என் பேரு?" என்று அவரே அன்றைக்குக் கூச்சப்பட்டார். ஒரு மரியாதையில் எல்லாம் போய்விட்டது.

எப்போதும் யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்று சொல்லித்தான் செல்வியை எழுத வைத்தேன். அவளிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. என் கணினியில் கிடந்த பிரதியை அனுப்பினேன்.

உடனே குரல்பதிவு வந்தது. "தெறந்துடுச்சுக்கா! எனக்குத் தெரியும், நீங்க சரி பண்ணிடுவீங்கன்னு. ஊர்ல எல்லாரையும் இதழோட இணையதளத்துலயே போய்ப் படிக்கச் சொல்லிட்டேன்."

நாளைக் காலையில் அவர்களும் திறந்து பார்ப்பார்கள்.