தணிகைப் பெட்டியை அழித்துப் போட்ட நாள்

இன்று காலையும் கடையைத் திறந்து கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குக் கரண்டைப் போட்டதும் அந்த வாசனை வந்தது. தூசி சூடாகிற வாசனை. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நீ மட்டும் நின்று மூச்சை ஆழமாக இழுப்பாய். "பழைய மிஷினுக்கு இதான்டி அத்தர்" என்பாய். விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே நானும் இழுத்துப் பார்த்தேன். இருமல்தான் வந்தது.

உனக்கு எழுத வேண்டும் என்று ஒரு வாரமாகப் பார்க்கிறேன். உட்கார முடியவில்லை. ரெண்டு வரி எழுதினால் எழுந்துபோய் வயர் எல்லாம் சேருகிற அந்தச் சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். வாசலுக்குப் போகிறேன், திரும்புகிறேன். எட்டாவதோடு நின்றவளுக்கு எழுத்து ஓடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சொல்ல வேண்டிய சேதியும் அப்படி. போன செவ்வாய்க்கிழமை தணிகைப் பெட்டியை அழித்துப் போட்டேன். உன் பெயரும் அதோடு போய்விட்டது.

தணிகை என்றால் ஊரில் எல்லோரும் மலையைத்தான் நினைப்பார்கள். நம் கடைக்குள் ஆறு படைவீடும் இருப்பது அவர்களுக்கு எங்கே தெரியும்?

ஏதோ ஒரு காலேஜில் வேண்டாம் என்று தள்ளிய ஆறு கம்ப்யூட்டரை உன் தம்பி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினானே, அந்த நாள் நினைவிருக்கிறதா? நீ அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள். நான் பொதட்டூர்பேட்டையில் தறியோடு வளர்ந்து, கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தவள். சேலை பார்டருக்கு டிசைன் போட்டு, தறி படிக்கிற மாதிரி அதை ஓட்டை ஓட்டையாக அட்டையில் குத்திக் கொடுக்கிற கடை வைக்கலாம் என்றது நீ. எந்த டிசைன் தறியில் ஓடும், எது இழை அறுக்கும் என்று சொல்ல என்னைச் சேர்த்துக்கொண்டாய். ஆறிலும் விண்டோஸ் எக்ஸ்பியைப் போட்டோம். பாதியில் அது ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் கேட்டது. "நீயே வெச்சிடுடி" என்று சொல்லிவிட்டு நீ தொழப் போனாய். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி வைத்தேன்.

நீ வந்து வயர்களைச் சொருகினாய். ஒன்றோடு ஒன்று பேசவில்லை. திரைக்குத் திரை கட்டம் கட்டமாக ஏதோ வந்து நின்றது.

"இதே பேர்ல இன்னொருத்தன் கீறான்னு சொல்லுது. இதுக்கு இன்னாடி பேர் வெச்ச?"

"முருகன்."

"அதுக்கு?"

"முருகன்."

"அந்த கோடில கீதே, அது?"

"எல்லாத்துக்கும் முருகன்தான். இந்த ஊர்ல வேற இன்னா பேர மொதல்ல வெக்கறது?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வந்தது. "உங்க சாமி ஒரே ஆளு ஆறு வூட்ல குடியிருப்பாருடி. இங்க ஒரு பேருக்கு ஒரு வூடுதான்."

"அப்ப வூட்டு பேர வெச்சிட்டு போ" என்றேன், கோபத்தில்.

நீ அப்படியே வைத்துவிட்டாய். குன்றம், செந்தூர், பழனி, சுவாமிமலை, தணிகை, சோலை. அதன் பிறகு நம் கடையில் பேச்சே வேறு. "பழனி தொங்கிடுச்சி", "செந்தூர்ல மவுஸ் ஓடல", "சோலைக்கு வயர் லூசு". காத்திருந்த நெசவுக்காரர் ஒருவர், "எல்லா ஊரும் இங்கியே கீது, நான் எதுக்கு தெக்க பஸ் ஏறணும்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

தணிகைதான் தலைப்பெட்டி. அட்டை குத்துகிற மிஷின் அதில்தான் மாட்டியிருக்கிறது. அந்த மிஷின் எக்ஸ்பி தவிர வேறு எதனோடும் பேசாது. அதனால்தான் ஊரெல்லாம் புதுசு புதுசாக மாற்றியபோதும் நாம் மாற்றவில்லை. அதற்குப் பதிலாக நீ ஒரு வழக்கம் வைத்தாய். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பெட்டியையும் சுத்தமாக அழித்து, முதலிலிருந்து போடுவது. "பழசு மேலயே போட்டா பழைய நோயும் கூடவே வரும்" என்பாய். அழித்து முடித்ததும் நீயே உட்கார்ந்து உன் பெயரை மறுபடி போடுவாய், அதன் பக்கத்தில் அந்த மஞ்சள் வாத்துப் படத்தை வைப்பாய். அவ்வளவுதான். அழிக்கிறது என்பது நமக்கு வீடு கழுவுகிற மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட நீ உன் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. நான் உள்ளே வந்ததும் முதல் கேள்வி, "பழனி எப்டி கீது?"

"அடிக்கடி நின்னுபோவுது. ஃபேன்ல தூசி."

"தொடைச்சி வுடு. தணிகை?"

"அது ஓடிகினு கீது."

குளுக்கோஸ் மாற்ற வந்த நர்ஸ், "பழனி உங்க பையனாம்மா?" என்றாள்.

"ஆங் சிஸ்டர், மூத்தவன். சொன்ன பேச்சு கேக்க மாட்டான்" என்றாய், முகம் மாறாமல். நான் சிரிப்பை அடக்க வராந்தாவுக்கு ஓடினேன். வராந்தாவில் சிரிப்பு வரவில்லை.

நீ போன பிறகு, தினமும் காலையில் தணிகையைப் போட்டால் திரையில் உன் பெயர் வரும், பக்கத்தில் வாத்து. அதைத் தொட்டு உள்ளே போவேன். உங்கள் வீட்டுப் பக்கம் நான் போவதில்லை, போனால் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. அதனால் உன்னை இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை திறக்கிற அந்தக் கொஞ்ச நேரம்.

போன செவ்வாய்க்கிழமை பெயர் வரவில்லை. ஆடிக் கிருத்திகை நெருங்கி ஊரெல்லாம் மைக் செட்டும் லைட்டும். கரண்டு போய்ப் போய் வந்தது. திரை கறுப்பாக நின்றது. மேலே வெள்ளையில் ரெண்டு வரி, ஏதோ ஒரு ஃபைலைக் காணோம் என்று. அணைத்துப் போட்டேன். அதே ரெண்டு வரி. வயரைப் பிடுங்கிச் சொருகினேன், பெட்டியைத் திறந்து ஊதினேன், மூடினேன். வெளியே போய் டீ வாங்கினேன், குடிக்காமல் வைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே ரெண்டு வரி.

எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அதுதான் பிரச்சினையே. அழித்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் டிசைன்களைப் பழனிக்குக் காப்பி எடுக்கும் வழக்கத்தை நான் விடவில்லை, அதனால் வேலை எதுவும் போகாது. போகிறது உன் பெயரும் அந்த வாத்தும் மட்டும். இந்தத் தடவை அழித்தால் திரும்ப வந்து போடுவதற்கு நீ இல்லை.

உன் மேல் கோபம் வந்தது. சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை "அடுத்த தடவ நீ பண்ணுடி" என்று சொல்லியிருப்பாய்! அடுத்த தடவையும் நீதான் உட்காருவாய். நான் டார்ச் பிடிப்பேன்.

சிடியைப் போட்டேன். நீலத் திரை வந்தது. "அது திட்டலடி, கேக்குது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று நீ சொல்வதைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக அழுத்தினேன். கடைசியில் அது எல் எழுத்தைக் கேட்டது. எல் அழுத்தினால் உள்ளே இருப்பது எல்லாம் போகும், திரும்பாது. அதில் மட்டும் நீ என்னைக் கை வைக்கவே விட்டதில்லை. விரலை அதன் மேல் வைத்தேன், எடுத்தேன். எழுந்து தரையைக் கூட்டினேன். காலையில் கூட்டிய தரை. மறுபடி உட்கார்ந்தேன், எழுந்தேன்.

அப்போது அம்மையார்குப்பத்துத் தறிக்கார நைனா உள்ளே வந்தார். உனக்குத் தெரியுமே, வெற்றிலைப் பையோடு வருவாரே, அவர்தான். நெற்றி எல்லாம் வேர்வை.

"காவடி கூட்டம்னு பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான், நடந்து வரேன். அட்ட ரெடியா?"

"பெட்டி படுத்துகிச்சி நைனா."

"இன்னாம்மா இப்டி சொல்ற? ஆவணி மொகூர்த்தத்துக்கு சேல போவணும். தறி நாலு நாளா சும்மா நிக்குது. அந்த பொண்ணு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பையைத் திறந்து மூடினார். "ஆவுமா, ஆவாதா? ஆவாதுன்னா சொல்லிடு, நான் வேற எடம் பாக்கறேன்."

அவர் வேறு இடம் போனால் அவரோடு அந்த ஊரே போகும். கடை போகும். நீ விட்டுப்போனது எனக்கு இந்தக் கடை ஒன்றுதான்.

"ஆவும், உக்காருங்க" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே எல் எழுத்தை அழுத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது மஞ்சள் கோடு ஓட ஆரம்பித்திருந்தது. இப்படித்தான் நடந்தது. கும்பிடவில்லை, அழவில்லை. அவருக்குப் பதில் சொல்கிற அவசரத்தில் முடிந்துபோனது.

பெட்டியின் முதுகில் ஒட்டிய, எழுத்தும் கலந்த அந்த நீள எண்ணைக் கேட்டது. முன்பெல்லாம் நான் குனிந்து டார்ச் அடித்துப் படிப்பேன். "பி" என்பேன். "எந்த பி? பழனி பியா, பஸ்ஸு பியா?" என்பாய். "எழுத்துக்கு ரெண்டு வயிறு கீது, பஸ்ஸு பி." இப்போது படிக்கிறதும் நான், தட்டுகிறதும் நான். முன்னுக்கும் பின்னுக்கும் ஓடினேன். எண்ணில் தப்பு என்றது. கடைசியில் நைனா கையில் டார்ச்சைக் கொடுத்து உட்காரவைத்தேன்.

"எத்தினி வயிறு நைனா?"

"ஒண்ணும்மா."

"நல்லா பாருங்க."

"அட, எழுத்துக்கு வயித்த எண்ணிகினு கீறேன் இந்த வயசுல. ரெண்டும்மா, ரெண்டு!"

எண்ணை ஏற்றுக்கொண்டது. நீ இருந்திருந்தால் அன்றைக்கு வேலை அதோடு நின்றிருக்கும், சிரிப்பிலேயே.

பெட்டிக்குப் பெயர் தணிகை என்று கொடுத்தேன். அடுத்து, இதை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று கேட்டது. விரல் தானாகப் போய் உன் பெயரைத் தட்டிவிட்டது. ஆங்கிலத்தில் என் பெயரைவிட உன் பெயர்தான் எனக்கு வேகமாக வரும். அதை அப்படியே விட்டிருந்தால் வேலை சுலபம். மற்ற ஐந்து பெட்டிக்கும் உன் பெயரைத்தான் தெரியும், அந்தப் பெயரோடு போனால்தான் கதவைத் திறக்கும். என் பெயரைப் போட்டால் பழனி என்னை உள்ளே விடாது. ஒவ்வொரு பெட்டியாகப் போய் நான் யார் என்று சொல்லிவைக்க வேண்டும். நைனா வேறு வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இருந்தாலும் விட முடியவில்லை. இதுவரை திரையில் வந்த உன் பெயர் நீ போட்டது. இனிமேல் வந்தால் அது நான் போட்டதாக இருக்கும். நானே எழுதிவைத்துவிட்டு தினமும் காலையில் நானே பார்த்து ஏமாறுவதா? அழித்தேன். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போட்டேன். பக்கத்தில் அதுவாகவே ஒரு கால்பந்து படத்தை வைத்துக்கொண்டது. மாற்றவில்லை.

பிறகு ஐந்து பெட்டிக்கும் போனேன். குன்றத்தில் உன் பெயரைத் தொட்டு உள்ளே போய், அதன் கீழே என் பெயரைச் சேர்த்தேன். செந்தூரிலும் அப்படியே. பழனி ரெண்டு தடவை தொங்கியது, உன் மூத்த பிள்ளை. தணிகைக்குத் திரும்பி வந்து பழனியைத் தட்டினேன். திறந்தது. நைனாவின் மயில் பார்டர் உள்ளே இருந்தது.

அட்டை குத்துகிற மிஷின் கத்த ஆரம்பித்ததும் எதிரே இருக்கிற தன் மெக்கானிக் கடையிலிருந்து உன் தம்பி, கையெல்லாம் கிரீஸோடு ஓடி வந்தான். நின்று பார்த்தான். நைனா அட்டைக் கட்டைத் துண்டில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு, "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காவடிக் கூட்டத்துக்குள் இறங்கிப் போனார். உன் தம்பி ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, மத்த அஞ்சுலயும் எங்க ஆபா பேரு அப்டியே கீதே. எடுத்துட்லாமா? பாக்கசொல்ல ஒரு மாரி கீது."

"கீட்டும் தம்பி. அது யாருக்கு இன்னா தொந்தரவு பண்ணுது?"

"இல்ல, உங்களுக்கு..."

"எனக்குதான் சொல்றேன். கீட்டும்."

அவன் போய்விட்டான். ஐந்து திரையிலும் ரெண்டு பெயர் நின்றது. தணிகையில் ஒன்று.

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை என்று சொன்னேனே, ஏன் என்று கேட்கிறாயா? அந்த ஐந்தும் பழசு. தணிகை படுத்த மாதிரி அதுவும் ஒவ்வொன்றாகப் படுக்கும். இன்றைக்கோ, மழைக்காலத்திலோ. ஒவ்வொரு தடவையும் நீலத் திரை வரும், எல் எழுத்தைக் கேட்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு வீட்டிலிருந்து நீ போவாய். புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன், ஆள் வைத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறான் உன் தம்பி. நல்ல பிள்ளை. ஆனால் அதை அவனிடம் கொடுக்க மாட்டேன். வேறு எந்தக் கையும் அந்த எழுத்தில் படக்கூடாது. உன்னை அனுப்புவதானால் நான்தான் அனுப்புவேன்.

சோலையில் ஏதோ சத்தம் வருகிறது. ஃபேனாகத்தான் இருக்கும். இரு, போய்ப் பார்க்கிறேன்.