என் அடுப்படிக் குழாயும் உன் வீட்டு வால்வும்

என்னைக் குட்டிக் குட்டியே ஆளாக்கிய அண்ணே,

நேற்றுக் காலை எங்கள் அடுப்படிக் குழாய் இறுகிக்கொண்டது. நம் உப்புத் தண்ணீர்தான் தெரியுமே, வெள்ளையாகப் பூத்துப்போய் அசைய மறுத்தது. உன் தம்பி சும்மா இருப்பானா? யூடியூபில் ஒருவர் இரண்டே நிமிடத்தில் சரிசெய்தார். நானும் ரெஞ்சைப் போட்டு ஒரு திருகு திருகினேன். குழாய் அசைந்தது. அசைந்து, கையோடு வந்தேவிட்டது.

"ஏங்க, கொழாயைச் சரி பண்ணச் சொன்னா கொளத்தையே வெட்டி விட்டுட்டீங்களே!" என்று மாலதி கத்தினாள். போனில் பிடித்த பிளம்பர் பக்கத்து ஊர் போலகத்தில் வேலையாக இருந்தார். "சார், மொதல்ல வால்வை மூடுங்க" என்றார்.

எந்த வால்வு? மாலதி வீடெல்லாம் தேடிவிட்டு வந்தாள். "சுவத்துக்கு அந்தாண்ட இருக்கு."

ஏன் அண்ணே? வீட்டைப் பாகம் பிரித்துச் சுவர் வைத்தபோது குழாய் வேலையைக் கூடவே நின்று பார்த்தவன் நீ. என் தண்ணீருக்கான வால்வை உன் அடுப்படியில் ஏன் வைத்தாய்?

அந்தப் பக்கம் நான் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உன் கருமாதிப் பத்திரிகையில் என் பெயர் விட்டுப்போயிற்று. "சம்பந்தி வீட்டு டிரைவர் பேருகூட இருக்கு" என்று மாலதி சண்டைக்குப் போனாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நான் யார் கட்சி என்று எனக்கே தெரியாததால் நானும் பேசவில்லை. அண்ணி என்ன குழம்பு வைக்கிறார் என்பதை மட்டும் மூக்கு தவறாமல் சொல்லும்.

மாலதி ஓட்டையில் துணியை அடைத்து அழுத்தினாள். "போங்க. நான் பேசலை, நீங்க பேசுங்க."

சொட்டச் சொட்ட உன் வாசலில் நின்றேன். யோசித்து வைத்ததெல்லாம் மறந்து, "அண்ணி, வால்வு" என்றேன். பதினோரு மாதம் கழித்துப் பேசுகிற பேச்சா இது?

"உள்ள வாங்க தம்பி." அண்ணியே குனிந்து மூடினார். துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "இதை உங்க பக்கமே வச்சிடலாமேன்னு அப்பவே கேட்டேன். கெடக்கட்டும்னுட்டாங்க உங்க அண்ணன்." பிறகு, "அந்தப் பத்திரிகையை நான் படிக்கவே இல்ல தம்பி. அன்னிக்கு என் கண்ணுல எந்த எழுத்தும் தெரியல" என்றார்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்வது?

நீ திட்டம் போட்டுத்தான் வைத்தாயா? நம்பவும் முடியவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுகிற ஆள் நீ.

சாயங்காலம் பிளம்பர் வந்து புதுக் குழாய் மாட்டினார். "சார், வால்வை உங்க பக்கம் மாத்திடவா? அரை மணி வேலைதான்." நான் கூரையைப் பார்த்தேன்.

"வேணாம், அங்கேயே இருக்கட்டும்" என்றது மாலதி! ஏன் என்று கேட்டேன். குழம்பு கொதிக்கிறது என்று போய்விட்டாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை, அண்ணே.

அடுத்த மாதம் உன் வருஷத் திதி. இரண்டு பேரும் உன் வாசல் வழியாகவே வருவோம். மாலதி பேசுவாளா, தெரியாது. நான் நனையாமல் வருகிறேன். இது சத்தியம்.

இன்னும் ஒன்றும் விளங்காத,
உன் தம்பி