ஒன்பதாவது வீட்டுக்கு நான் வரவில்லை

கிளிஃபர்ட்,

ஆட்டுக்கறி மூடி வைத்திருக்கிறேன், சூடுபண்ணிச் சாப்பிடுங்கள். நாளை பத்து மணிக்குப் படைக்குடியிருப்பு அதிகாரி வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமுன் பார்வையிட வருகிறார்.

"சைப்ரஸ் மாற்றலை உன் வீட்டுக்காரர்தானே கேட்டு வாங்கினாராம், உனக்கே தெரியாதா?" என்று சார்ஜண்ட் மேஜர் மனைவி நாலு பேர் முன்னால் கேட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடத் தோன்றவில்லையா உங்களுக்கு?

பதினான்கு வருடத்தில் எட்டு வீடு. இதற்கு முந்தைய ஏழு வீட்டையும் தேய்த்துக் கழுவி ஒப்படைத்தது நான். இந்த எட்டாவதை நீங்களே கழுவுங்கள்.

ஹிலரிக்கு இது ஆறாவது பள்ளிக்கூடம். இதையும் பாதியில் விட அவளுக்கு இஷ்டமில்லை, எனக்கும் இல்லை. அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே, டார்லிங்டனில் என் பெயரில் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டேன். இன்றே போகிறோம்.

டாரீன்

பி.கு. விடுப்பில் அங்கேயே வாருங்கள். உங்களுக்கும் ஒரு சாவி செய்யச் சொல்லியிருக்கிறேன். விருந்தாளி மாதிரி கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.