நீ எனக்குத் தெரியாமல் இறக்கிய சுருதி

என் செல்லத் தம்பி ரவிக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. நீ உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. மூன்று வீடு தள்ளி இருப்பவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? வாசலில் நின்று சத்தம் போட்டால் வந்துவிடுவாய். இனிச் சத்தம் போட்டுப் பயனில்லை என்பதால் எழுதுகிறேன். நாலு பேர் வாசிப்பார்களே என்று கூச்சமில்லை. வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மனைவி சுமதி சமாளிக்கிறாள். சிலாபத்தில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குப் போகிறாள், காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருகிறாள். உன் மகள் கணக்கில் அப்படியே உன்னைப் போலத்தான், தேறுவாள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. நான் வழக்கம்போல கடற்கரை வாடியில் கருவாடு காயவைக்கிறேன், வழக்கம்போல எல்லாரையும் ஏசுகிறேன். நீ இல்லாமல் ஏச்சு வாங்க ஆள் குறைவு.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆடித் திருவிழாவில் நம் பாட்டுக் குழு பாடவேண்டும் என்று கோயிலில் இருந்து கேட்டார்கள். நீ இல்லாத முதல் வருஷம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் கீபோர்டை வாசிக்க, ஒக்டபாட் மேளம் அடிக்கும் செல்வம் சிலாபத்திலிருந்து நிலந்தவைக் கூட்டிவந்தான். சிங்களவர், பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறார், தமிழ் நன்றாகக் கதைப்பார். குழுவின் பழைய பென்டிரைவ் செல்வத்திடம் இருந்தது. நீ கணினியில் செய்துவைத்த பாட்டுகள் அதில் இருந்தன. பேஸ், வயலின், புல்லாங்குழல், மேளம் என்று ஒவ்வொன்றாக நீ வாசித்துப் பதிந்துவைத்தவை. மேடையில் அவற்றை ஓடவிட்டு, வலது கையால் வாசிக்கும் முக்கிய பகுதியை மட்டும் நீ நேரில் வாசிப்பாய். ஒரு ஆள் இருந்துகொண்டு பத்துப் பேரின் வேலையைச் செய்தாய்.

ஒத்திகைக்கு முதல் பாட்டு நம் அம்மன் பாட்டு. நீயே மெட்டுப் போட்டது, முப்பது வருஷமாக நான் பாடுவது. பல்லவி எப்படியோ போய்விட்டது. சரணத்தில் மேலே ஏறவேண்டிய இடத்தில் என் குரல் பட்டென்று உடைந்தது. இன்னொரு தரம் பாடினேன், அதே இடத்தில் காற்று மட்டும் வந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்.

“என்ன சுருதி இது? எங்கட கீபோர்டை என்ன செஞ்சீங்க? முப்பது வருஷமா ஆறு கட்டையில பாடுறன், ஒரு நாளும் இப்பிடி வந்ததில்ல!” என்று நிலந்தவைப் பிடித்துக்கொண்டேன்.

பாவம், மனுஷன் மெதுவாகச் சொன்னார். “அக்கா, மிஷின்ல பிழை இல்ல. பாருங்க, சுருதிப் பொத்தான் சைபர்ல இருக்கு. பாட்டு இருக்கிறதும் ஆறு கட்டையில தான்.”

நான் விடவில்லை. பழகாத ஆளைக் கூட்டிவந்தால் இப்படித்தான் என்று செல்வத்துக்கும் கொடுத்தேன். செல்வம் தலையைக் குனிந்து குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படி இருக்கிற ஆளா? எனக்குக் கொஞ்சம் உதைத்தது. ஒத்திகை உன் வீட்டு முன்னறையில்தான் நடந்தது. குசினிக்குள் நின்ற சுமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, உன் மடிக்கணினியை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். “இதையும் பாத்திட்டு ஏசுங்க மச்சாள்” என்றாள்.

அதற்குள் என் பேரில் ஒரு பகுதி வைத்திருந்தாய். அம்மன் பாட்டு அதில் ஒன்றல்ல, பல. முதலாவது ஆறு கட்டை. அடுத்தது ஐந்தரை. அதற்கடுத்தது ஐந்து. பிறகு நான்கரை. நிலந்த ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எட்டு வருஷத்துக்கு முதல் எனக்குக் கழுத்தில் ஒப்பரேஷன் நடந்ததே, அதற்குப் பிறகு வந்த திருவிழாவுக்குத்தான் முதல் தடவையாக இறக்கியிருக்கிறாய். நான் கடைசியாக மேடையில் ஆறு கட்டை என்று நினைத்துப் பாடியது நான்கரைக் கட்டை. மழைக்காலத்தில் கச்சேரி இல்லாத மாதங்களாகப் பார்த்து, நான் பழைய உயரத்தை மறந்திருக்கிற நேரத்தில், அரை அரையாக இறக்கியிருக்கிறாய்.

அம்மன் பாட்டு மட்டுமல்ல, என் பாட்டு அத்தனையும் அப்படித்தான்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை? அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடமே இருக்கிறது, அதுதான் வலிக்கிறது. முன்னேஸ்வரத்தில் ஒரு கல்யாணத்தில் சிலாபத்துப் பாட்டுக்காரி ஒருத்தி மேடையில் வைத்தே சுருதியை இறக்கச் சொன்னபோது, நான் உன் காதுக்குள் என்ன சொன்னேன்? “இறக்கிப் பாடுறதெண்டா வீட்டில இருக்கலாமே.” நீ சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

கீபோர்டில் சுருதி மாற்றுகிற பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அமத்தினால் அரை நொடி வேலை. ஆனால் அதன் சின்னக் கண்ணாடியில் இலக்கம் மாறிவிடும். மேடை ஏறியதும் நான் முதலில் பார்ப்பதே அந்தக் கண்ணாடியைத்தான், சைபர் நிற்கிறதா என்று. அதனால் நீ பொத்தானைத் தொடவே இல்லை. பாட்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் இறக்கினாய். மேளம் பதிந்த வரியை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறாய் என்று நிலந்த வியந்தார். அதையும் சேர்த்து இறக்கினால் மேளம் தகரம் தட்டியது போலக் கேட்குமாம்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். “அக்கா, ஆறு கட்டையில இந்தப் பாட்டு முழுக்க வெள்ளைக் கீதான். அரைக் கட்டை இறக்கினா அஞ்சு கறுப்புக் கீயும் வரும். பொத்தான் அமத்தாம வாசிக்கிறதெண்டா விரல் எல்லாம் புதுசாப் பழகவேணும். ஒவ்வொரு தரமும், ஒவ்வொரு பாட்டுக்கும்.”

அப்போதுதான் விளங்கியது. ஆலங்குடாவில் ஹோட்டலில் வாசித்துவிட்டு வந்த களைப்போடும் நீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே. வெளியே ஒன்றும் கேட்காது, விரல் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். “முப்பது வருஷமா வாசிக்கிற பாட்டை இன்னும் பாடமாக்கேல்லயா?” என்று நான் நக்கலடிப்பேன். “ஓம் அக்கா, மண்டைக்குள்ள ஏறுதில்ல” என்பாய். அந்தப் பதிலை நம்பினேனே, நான் என்ன அக்கா?

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, ஆத்திரம். சுமதிக்குத் தெரியும், செல்வத்துக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. ஊரெல்லாம் ஆறு கட்டை என்று மார்தட்டித் திரிந்தவளைப் பின்னால் நின்று எத்தனை பேர் பரிதாபமாகப் பார்த்திருப்பார்கள்? இனி நான் பாடமாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பத்து நாள் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சுமதி வாடிக்குத் தேடி வந்தாள். நான் சாளைக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவளும் குனிந்து கூடப் புரட்டினாள்.

“மச்சாள், அவருக்கு உங்கட குரல் குறைஞ்சது கவலையில்ல. குறைஞ்சிட்டுதெண்டு தெரிஞ்சா நீங்க பாடுறத விட்டிருவீங்க எண்டுதான் பயம். அதான் நடந்திருக்கு.”

“எனக்கு ஏலாது சுமதி. எந்த முகத்தோட மேடையில ஏறுறது?”

அவள் நிமிர்ந்தாள். எனக்குப் பயந்த பெண் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். “அந்த மனுஷன் உங்களுக்காக எட்டு வருஷம் விரலை மாத்தினவர். உங்களால ஒரு நாள் வாயைத் திறந்து, இறக்குங்க எண்டு கேக்க ஏலாதா?” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். தம்பி, நீ நல்ல பெண்ணைத்தான் கட்டியிருக்கிறாய். அதை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

திருவிழா அன்று பின்னேரம் மேடை ஏறினேன். கோயில் வீதி நிறையச் சனம். நான்கரையில் பாடுவதாக ஒத்திகையிலேயே பேசிவைத்திருக்கலாம், நிலந்தவும் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். பாட வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன், ஒத்திகைக்கு மட்டும் போகவில்லை. எல்லார் முன்னாலும் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். கல்யாண மேடையில் நான் பார்த்துச் சிரித்த அந்தப் பாட்டுக்காரிக்குச் செய்யவேண்டியது அதுதான் என்று பட்டது. மைக்கைப் பிடித்தேன்.

“நிலந்த, நான்கரைக் கட்டைக்கு வையுங்க. ஆறு கட்டை எனக்கு இனி ஏலாது. என்ர தம்பிதான் இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாம இறக்கி வாசிச்சவன்.”

என்ன நடந்தது என்று நினைக்கிறாய்? ஒன்றுமே நடக்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த ஒருவர் பிள்ளைக்குக் கச்சான் கடலை உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நீ எட்டு வருஷமாகக் காப்பாற்றிய என் மானம் அந்தச் சனத்தில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. பாடினேன். சரணம் ஏறியது. செல்வம் மட்டும் அழுதுகொண்டே அடித்தான், தாளம் தப்பவில்லை.

போன கிழமை நிலந்த உன் கணினியில் இருந்தவற்றை ஒழுங்குபடுத்தும்போது என்னைக் கூப்பிட்டார். அம்மன் பாட்டில் இன்னும் ஒன்று இருந்ததாம், வேறு இடத்தில். நாலு கட்டை. நீ போவதற்குப் பதினைந்து நாளைக்கு முன் செய்தது. அவ்வளவு சீக்கிரம் நான் நாலு கட்டைக்கு இறங்கிவிடுவேன் என்று நினைத்தாயா, படுபாவி?

அதில் மட்டும் உன் வலது கைப் பகுதியும் இருக்கிறது. பழகும்போது பதிந்திருக்கிறாய். இதில் குரலோ சத்தமோ இல்லை அக்கா, எந்தக் கீயை எப்போது எவ்வளவு அழுத்தமாகத் தொட்டார் என்பது மட்டும்தான் இருக்கிறது என்று நிலந்த சொன்னார். ஓடவிட்டார். ஆளில்லாத கீபோர்டிலிருந்து நீ வாசித்தாய். சரணம் ஏறுகிற இடத்தில் ஒரு பிழை. திரும்பிப் போய் வாசித்தாய், மறுபடியும் பிழை. மூன்றாம் தரமும் பிழைத்தது. நாலாம் தரம் சரியாக வந்தது, இரண்டு வரி தாண்டியதும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு திரையில் உன் வாசிப்பைக் காட்டும் வரி மட்டும் வெறுமையாக ஓடியது. யாராவது கூப்பிட்டார்களா? சாப்பிடப் போனாயா? நான்தான் வாசலில் நின்று சத்தம் போட்டேனோ?

எனக்கு நாலு கட்டை தேவைப்படுகிற நாள் வரும் தம்பி. அன்றைக்கும் மைக்கில் நானே கேட்பேன், இது சத்தியம். நிலந்தவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன், அந்த ஒரு பாட்டுக்கு அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்று. நீயே வாசி. நீ பிழைவிடுகிற இடத்தில் ஊர் முழுக்கக் கேட்டாலும் பரவாயில்லை, மூன்று தரமும் உன்னோடு திரும்பி வந்து பாடுவேன். நீ நிறுத்துகிற இடத்திலிருந்து மிச்சச் சரணத்தை நான் பாடி முடிக்கிறேன்.

உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த,
உன் அக்கா
உடப்பு