சனிக்கிழமைகளில் நகராத காய்கள்

அன்பு மகள் நட்டேர்சியாவுக்கு உன் அப்பா எழுதுவது. எழுத்து கோணலாகவும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டும் இருப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள், மகளே. சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது, சில கீழே வழுக்கிவிடுகிறது. பேனாவை மண்வெட்டிப் பிடியைப் போல இறுக்குகிறேன் என்று டீச்சர் சொல்கிறாள், ஒரு பக்கம் எழுதினால் தோள்பட்டை வரை வலிக்கிறது. ஆனாலும் இதை வேறு யாரும் எனக்காக எழுதவில்லை, நானேதான். எழுபத்து நாலு வயதில் ஒரு வருடமாகப் பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் செவ்வாயும் வெள்ளியும் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். வெட்கத்தில் உன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, போனில் உன்னிடமும் மறைத்தேன். நாங்கள் இருவரும் நலம், அங்கே லக்சம்பர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் சிமாவோவும் இருமல் சளி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் பெரிய சுகம்.

எனக்கு எத்தனை சந்தோஷம் என்று எப்படிச் சொல்வது. பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று டிரைவரைக் கேட்காமல் ஏறுகிறேன். மருந்து டப்பாவில் எழுதியிருப்பதை எல்லாம் படிக்கிறேன், படித்த பிறகு மருந்து சாப்பிடத்தான் பயமாக இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக்குப் போய் என் அப்பாவின் பெயரை முதல் முறையாகப் படித்தேன், அவருக்கு நடுவில் ஒரு பெயர் உண்டு என்றே எனக்கு அதுவரை தெரியாது. உன் அம்மா பெல்மிராவுக்குத்தான் பொறுமை போய்விட்டது. படிக்கத் தெரிஞ்ச புருஷனோட குடும்பம் நடத்துறது இவ்ளோ தொல்லைன்னு தெரிஞ்சிருந்தா உன்ன அந்த வகுப்புக்கே விட்டிருக்க மாட்டேன், உப்புப் பொட்டலத்தக்கூட வாய்விட்டுப் படிச்சிட்டுத்தான் குடுக்கற என்று திட்டுகிறாள். அவள் முழங்கால் பரவாயில்லை, கொத்தமல்லியும் பூண்டும் போட்டு ரொட்டிக் கஞ்சி வைக்கிற அளவுக்கு நிற்கிறாள். மழையில் பின்கூரை ஒழுகியது, நானே ஏறி ஓடு மாற்றினேன், திட்டாதே. கோழிகள் முட்டை போட ஆரம்பித்துவிட்டன.

இதை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லலாம். போனில் சொல்ல வாய் வராதது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒராசியுவைப் போலீஸ் கொண்டுபோனதை அம்மா சொல்லியிருப்பாள். நம் சதுரங்க மன்றத்தில் பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதன், பக்கத்து ஊரிலும் சொல்லிக்கொடுத்தான். அந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் அவன் தங்களைக் கெடுத்ததை வீட்டில் சொன்னார்கள், ஜனவரியில் பிடித்துவிட்டார்கள். அவர்கள் விஷயத்தில் அவன் மறுக்கவில்லை. அன்றிலிருந்து மன்றம் சாவு வீடு மாதிரி இருக்கிறது. சுவரில் இருந்த அவன் படத்தைக் கழற்றினேன், அந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாம் அதையே பார்க்கிறார்கள். கிழவர் ஜனுவாரியு, ரயில்வேயில் இருந்தவர், உனக்குத் தெரியும், படத்தக் கழட்டிட்ட சரி, கோப்பைய என்ன பண்ணப் போற, அது அவன் ஜெயிச்சதா பசங்க ஜெயிச்சதா என்று கேட்டார். கோப்பைகள் அப்படியே தூசி படிந்து கிடக்கின்றன.

சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் எழுந்து போகமாட்டார்கள், தோற்றவனும் ஜெயித்தவனும் காய்களை மறுபடி அடுக்கி, எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று முதலிலிருந்து ஆடிப் பார்ப்பார்கள். இப்போது மாலைதோறும் அதைத்தான் செய்கிறார்கள், பலகை இல்லாமல். அந்த வருஷம் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனானே, அப்பவே கேட்டிருக்கணும் என்று ஒருவர். இல்லை, அதற்கும் முன்னாலே என்று இன்னொருவர். எல்லோருக்கும் தப்பு மற்றவன் கையில் நடந்ததாக இருக்க வேண்டும். ஜனுவாரியுவைப் பார்த்து ஒருவர், பத்து வருஷம் அவன் எதிர்ல உக்காந்து ஆடினியே, ஒரு நாள்கூட மூஞ்சியப் பாக்கலயா என்று குத்தினார். ஆடறப்போ எவன்யா மூஞ்சியப் பாப்பான், பலகையத்தான் பாப்போம் என்று சொன்ன ஜனுவாரியு தொப்பியைக் கண் வரை இழுத்துக்கொண்டு அழுதார். என்னிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவு திறக்கிறவன், தரை துடைக்கிறவன், காய் எடுத்து வைக்கிறவன், இவனுக்கு என்ன தெரியும்.

எனக்குத் தெரியும், மகளே. சனிக்கிழமை மத்தியானம் பின் அறையில் தனிப்பாடம் நடக்கும். கெட்டிக்காரப் பையன்களுக்கு மட்டும், ஒருவன் ஒருவனாக. சத்தம் ஆகாது அடெலினு, நீதான் எனக்குக் காவல் என்று ஒராசியு என் தோளைத் தட்டுவான். எனக்குப் பெருமையாக இருக்கும். கதவை நானே சாத்துவேன், துணிச்செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவேன், வருகிறவர்களை விரலை உதட்டில் வைத்துத் திருப்பி அனுப்புவேன். ரொட்டிக் கடையில் வேலை செய்கிற செலியா, அவள் மகன் ஈவோவுக்கு அப்போது பத்து வயது, ஒரு நாள் கொஞ்சம் முன்னாடியே வந்தாள். அவளையும் அப்படித்தான் திருப்பினேன். பையன் வெளியே வரும்போது அழுதிருப்பான். சதுரங்க மன்றத்தில் பிள்ளைகள் அழுவது புதிதா, தோற்றால் எல்லாப் பிள்ளையும் அழும், நாங்கள் யாரும் ஏன் என்று கேட்பதே இல்லை. என்னடா, இன்னிக்கும் தோத்தியா, அடுத்த வாரம் ஜெயிச்சிடலாம் போ என்று நானே தலையைத் தடவி அனுப்பியிருக்கிறேன். பிறகு உள்ளே போய்க் காய்களைப் பெட்டியில் எடுத்து வைப்பேன். அந்த அறையில் சனிக்கிழமைகளில் காய்கள் அடுக்கியபடியே இருக்கும். ஒரு சிப்பாய்கூட நகர்ந்திருக்காது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு குளிர்காலம் முழுக்க. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, பேசியே பாடம் நடத்துகிறார் போலிருக்கிறது, நமக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஆடாத ஆட்டத்தில் ஒரு பிள்ளை எப்படித் தோற்கும்? இப்போது படுத்தால் அந்தப் பலகைதான் வருகிறது, முப்பத்திரண்டு காயும் நேராக என்னைப் பார்த்து நிற்கின்றன.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஈவோ வாய் திறந்தான், செலியா புகார் கொடுத்தாள். அப்போது உன் ஞானத்தகப்பன் வால்டெமார், மன்றத் தலைவர் அவர்தானே, தன் மருந்துக் கடைக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதம் நீட்டினார். ஒராசியு நல்லவர், பதினெட்டு வருஷமா நம்ம பசங்களுக்காக உழைக்கிறார்னு எழுதியிருக்கேன், எல்லாரும் போட்டாச்சு, நீயும் போடு என்றார். கைநாட்டு வைத்தேன். புகார் அமுங்கிப் போனது. செலியா வேலை செய்கிற கடையில் பாதி ஊர் ரொட்டி வாங்குவதை நிறுத்தியது, நாமும் நிறுத்தினோம். இப்போது விசாரணை பேஜா டவுன் கோர்ட்டில் நடக்கிறது, ஒராசியு மற்ற இரண்டையும் ஒப்புக்கொண்டு ஈவோவை மட்டும் தொட்டதே இல்லை என்கிறான், அதற்கு ஆதாரம் அந்தக் காகிதம். என்னைச் சாட்சி என்று அவன் வக்கீல் பெயர் கொடுத்திருக்கிறார். போன வாரம் வால்டெமார் காகிதத்தின் நகல் ஒன்றை என் பையில் செருகி, பயப்படாத, கேட்டா இதுல இருக்கறது உண்மைன்னு மட்டும் சொல்லு, முடிஞ்சுது என்றார். எனக்குப் படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து சமையல் மேஜையில் வைத்துப் படித்தேன். மத்தியானம் தொடங்கி விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது. என் கைநாட்டுக்கு மேலே இப்படி இருக்கிறது: சனிக்கிழமைப் பாடங்களின்போது அறைக் கதவு எப்போதும் திறந்தே இருந்தது, நான் அங்கேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தத் தாய் சொல்வது பொய். இதை நான் சொன்னதாக. நான் ஏதோ தப்பாகக் கூட்டிப் படிக்கிறேன் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன், அதேதான் வந்தது.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனேன். நான் படித்துக் காட்டியதும் வால்டெமார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எப்படா கத்துக்கிட்ட என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம், அன்னிக்கு நமக்கு எதுவும் தெரியாதே அடெலினு, நம்பித்தானே எழுதினேன் என்றார். தெரியாதத தெரிஞ்ச மாதிரி என் வாயில எதுக்கு டாக்டரே வெச்சீங்க என்று கேட்டேன். ஊரே டாக்டர் என்று கும்பிடுகிற மனிதரிடம் நான் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. ஒருத்தன் செஞ்சதுக்கு மன்றத்தையே இழுத்து மூடணுமா, எழுபது வருஷத்து மன்றம், நீ இருக்கற வீடும் மன்றத்தோடதுதான், யோசிச்சுக்கோ என்றார். மிரட்டினார் என்று சொல்லமாட்டேன், குரல் கெஞ்சுவது போலத்தான் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கொத்தமல்லியைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு, என் தங்கச்சி வீட்ல ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு, அவ வாயத்தான் தாங்கணும், தாங்கிக்கலாம் என்றாள். உன் அம்மாவை நீ சாதாரணமாக நினைத்துவிடாதே.

நேற்று செலியா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. காகிதத்தைக் காட்டினேன். ஒனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியுமே, இதுல இருக்கறத ஒனக்கு யாரு படிச்சுக் காட்டினா என்றாள். நானே என்றேன். அப்ப நீயே படி என்று சமையலறையில் உட்கார வைத்தாள். இரண்டு வருடமாக அந்தக் காகிதத்தை அவளுக்கு யாரும் காட்டியதே இல்லை, அதை வைத்துத்தான் ஊர் அவளைப் பொய்க்காரி என்றது, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். வேகமாகப் படிக்கத் தெரிந்தவனாக இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும், எனக்கு ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்து அந்த அறையில் விழுந்தது. கடைசி வரியை இன்னொரு தடவை என்றாள், படித்தேன். பிறகு காய்களைப் பற்றிச் சொன்னேன். அதுவரை கல் மாதிரி இருந்தவள் அப்போதுதான் முகத்தை ஏப்ரனில் பொத்திக்கொண்டாள். அவன் அதத்தான சொன்னான் எங்கிட்ட, அம்மா நாங்க ஆடறதே இல்லம்மா, நான் போகலன்னு, நான்தான் சோம்பேறின்னு திட்டித் திட்டி அனுப்பினேன் என்றாள்.

அந்தப் பையன் பக்கத்து அறையில் இருந்தது எனக்குத் தெரியாது. வந்து நின்றான். பதிமூன்று வயது, நல்ல உயரமாகிவிட்டான். கோர்ட்ல இத சொல்வீங்களா என்று கேட்டான். சொல்வேன் என்றேன். நேற்று அந்த நிமிடம் வரை, காய்களைப் பற்றிச் சொல்வது, காகிதம் பொய் என்று சொல்வது, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன், உன்னிடம் மறைக்கமாட்டேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, கதவ மூடினது நீங்கதான்னும் சொல்வீங்களா என்றான். கோபமாகக் கேட்கவில்லை. நேரம் என்ன என்று கேட்பது போலக் கேட்டான். அதையும் சொல்றேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். நன்றி என்றோ மன்னித்தேன் என்றோ செலியா சொல்லவில்லை, சொல்லவேண்டியதும் இல்லை, வாசல் வரை மட்டும் கூட வந்தாள்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பேஜாவுக்குப் போகிறோம், அம்மாவும் வருகிறாள், கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். உன் ஞானத்தகப்பன் அதற்குள் உனக்குப் போன் செய்வார் என்று நினைக்கிறேன், அப்பாவுக்கு எடுத்துச் சொல்லு என்று கேட்பார். மரியாதைக் குறைவாகப் பேசாதே, உன்னை ஞானஸ்நானத் தொட்டியில் தூக்கிப் பிடித்த கை அது. ஆனால் அவர் சொன்னதை என்னிடம் கொண்டுவராதே. இன்னொன்று, சிமாவோ பள்ளிக்கூடத்திலிருந்தோ விளையாட்டிலிருந்தோ அழுதுகொண்டு வந்தால், இதனால்தான் என்று நீயாகக் காரணம் சொல்லிவிடாதே, மகளே. அவனைக் கேள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திரு, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். நான் கோர்ட்டில் சொன்னதை, கதவைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து, சொன்னபடியே அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். அதற்குள் ஊரிலிருந்து யார் எப்படிச் சொன்னாலும் கேட்டுக்கொள், ஆனால் உன் அப்பா என்ன செய்தான் என்பதை நீ என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அடெலினு